பானையில் ஒன்பது சீட்டுகள்

எரித்துவிடுவார்கள் என்று நினைத்துத்தான் எழுதினேன். வட்டத்துக்கு நடுவில் ஒரு தாம்பாளம், தாம்பாளம் நிறைய மணல், மணலில் ஒரு மெழுகுவர்த்தி. இதைப் பார்த்தவன் வேறென்ன நினைப்பான்? பாளையங்கோட்டையில் வாலிபர் முகாம் என்றால் கடைசி நாள் இதுதான். ஆளுக்கொரு துண்டுத்தாள், உன் பாவத்தை எழுது, மடி, நெருப்பில் போடு, கண்ணைத் துடைத்துக்கொண்டு சாப்பிடப் போ. என்ன எழுதினாய் என்று போதகரும் கேட்கமாட்டார், பக்கத்தில் இருப்பவனும் கேட்கமாட்டான். எதுவும் தோன்றாமல் நான் வருஷா வருஷம் 'பொறாமை' என்று எழுதிப் போட்டிருக்கிறேன். இன்றைக்கு, அறுபத்து மூன்று வயதில், வேளச்சேரியில், டைல்ஸ் கடைக்கு மேலே மூன்றாவது மாடியில், பரதநாட்டிய வகுப்புக்குக் கட்டிய இந்தக் கூடத்தில், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலரை மணிக்கு, முதல் தடவையாக உள்ளதை உள்ளபடி எழுதினேன். மடித்து மண்பானைக்குள் போட்டேன். போட்ட பிறகுதான் பெர்சிஸ் வாயைத் திறக்கிறாள். இந்த ஆராதனையை நடத்துகிறவள், முப்பது வயது இருக்கும், இறையியல் படித்தவளாம், காலில் செருப்பில்லை, கழுத்தில் சிலுவையும் இல்லை. "இப்ப ஆளுக்கு ஒரு சீட்டு எடுத்து வாசிக்கப்போறோம். யாரோடதுன்னு யாரும் கேக்க வேண்டாம். உங்களோடதுன்னே நினைச்சு, அதுல இருக்கிற மாதிரியே வாசிங்க. முடிச்சதும் எல்லாரும் 'கேட்டோம்'னு மட்டும் சொல்லுவோம். அறிவுரை கிடையாது. உங்க சீட்டே உங்க கைக்கு வந்துச்சுன்னா திரும்பப் போட்டுட்டு வேற எடுத்துக்கலாம். கடைசியில எல்லாத்தையும் எரிச்சிரலாம்." கடைசியில். அடிப்பாவி, அதை முதலில் சொல்வதற்கென்ன. என் இடது பக்கம் எமீமாள் உட்கார்ந்திருக்கிறாள், முப்பத்து நாலு வருஷமாக என் மனைவி, சம்மணம் போட்டு, சேலைத் தலைப்பை மடியில் ஒதுக்கி, எங்கள் கோயிலில் எட்டரை மணி ஆராதனைக்கு உட்காருகிற மாதிரியே நிமிர்ந்து. அவள் காதில் விழக் கூடாத ஒன்று இந்த உலகத்தில் உண்டு. அதைத்தான் ஆறு வரியில் எழுதி அந்தப் பானைக்குள் போட்டிருக்கிறேன்.

என்ன எழுதினேன் என்று நினைத்துப் பார்க்கிறேன், ஒரு சொல்லாவது குறைவாக எழுதியிருப்பேனா என்று. 'என் மகன் ஒரு ஆணோடு வாழ்வதாக என்னிடம் வந்து சொன்னான். இனி வீட்டுக்கு வராதே என்றேன். நான் சொல்வதாகச் சொல்லவில்லை. உன் அம்மாதான் உன் முகத்தில் விழிக்க மாட்டேன் என்கிறாள் என்று சொன்னேன். அவளுக்கு ஒன்றுமே தெரியாது. மாடியில் அவனுக்காக முந்திரிக்கொத்து சுட்டுக்கொண்டிருந்தாள்.' குறைவாக எழுதவில்லை. அதிகமாகத்தான் எழுதியிருக்கிறேன். அந்த முந்திரிக்கொத்தை ஏன் எழுதினேன்? அது இல்லாவிட்டால் எந்த ஊரிலோ எந்த அப்பனோ என்று போயிருக்கும். மெட்ராஸில் எத்தனை வீட்டில் எங்கள் ஊர்ப் பலகாரமான முந்திரிக்கொத்து சுடுகிறார்கள்? ஆனால் எழுதும்போது அதுதான் முதலில் வந்தது, வாசனையோடு வந்தது. பாசிப்பயறும் வெல்லமும் காய்ந்த எண்ணெயும் லிஃப்ட் வழியாகக் கீழே கார் நிறுத்துகிற இடம் வரைக்கும் வந்த வாசனை. என் மகன் கிளாட்சன் ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். ஆறு வருஷத்துக்கு முன்னால், டிசம்பர் இருபது, மத்தியானம். "அப்பா, மேல போறதுக்கு முன்னாடி உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றான். முதலில் என்னிடம்தான் சொல்ல வேண்டும் என்று பெங்களூரிலிருந்து யோசித்துக்கொண்டே வந்திருக்கிறான். அது எனக்குப் பெருமையாக இருந்திருக்க வேண்டும். எனக்கோ சபையில் யார் யார் என்ன சொல்வார்கள் என்கிற பட்டியல்தான் ஓடியது, வரிசையாக, பெயர் பெயராக. "அம்மாவுக்குத் தெரியும்லே" என்றேன். "எனக்கு முன்னாலயே எவனோ அவகிட்ட சொல்லிட்டான். அந்தப் பய முகத்துலயே முழிக்க மாட்டேங்கா. போயிரு. நான் சமாளிச்சுக்கிடுதேன்." அப்படியே வந்தது, யோசிக்கவே இல்லை. நாற்பது வருஷம் ஆஸ்பத்திரியில் மருந்து சொல்லிக் கொடுத்த வாய், நோயாளியிடம் இதமாகப் பொய் சொல்லிப் பழகின வாய். அவன் மேலே பார்த்தான். எங்கள் அடுப்படி ஜன்னல் மூன்றாவது மாடி. புகை வந்துகொண்டிருந்தது. பிறகு ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டான். நான் மேலே போய், "ஆபீஸ்ல அவசரமா கூப்பிட்டாங்களாம், பாதி வழியிலயே திரும்பிட்டானாம்" என்றேன். அவள் கரண்டியைக் கீழே வைக்காமல், "சாப்பிட்டானாமா?" என்று கேட்டாள்.

முதல் சீட்டை பெர்சிஸே எடுக்கிறாள். நீளவாக்கில் மடித்த சாதாரணத் தாள். என்னுடையது இல்லை. என்னுடையது எனக்குத் தெரியும். மிஷன் ஆஸ்பத்திரியில் மருந்தாளுநராக இருந்தவன் நான், அந்தக் காலத்தில் பொடி மருந்தை வேளைக்கு ஒன்றாகத் தாளில் மடித்துக் கொடுப்போம். மூன்றாக மடித்து இரண்டு ஓரத்தையும் ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகிவிட்டால் தானாகப் பிரியாது. கை அதைத்தான் செய்யும், பஸ் டிக்கெட் கிடைத்தாலும் அதைத்தான் செய்யும். அப்படி ஒரு பொட்டலம் வெளியே வந்தால் அது என்னுடையது. ஆனால் வந்தால் எமிக்கும் தெரிந்துவிடுமே. படிப்பதற்கு முன்னாலேயே, பிரிப்பதற்கு முன்னாலேயே, அந்த மடிப்பைப் பார்த்த உடனே தெரிந்துவிடும். பெர்சிஸ் வாசிக்கிறாள்: "நான் ஜெபிக்கும்போது அழுகிற மாதிரி நடிக்கிறேன். பல வருஷமாக." கேட்டோம் என்கிறார்கள் எல்லாரும். எமியும் சொல்கிறாள். எவ்வளவு சரளமாகச் சொல்கிறாள். நான் சொல்லவில்லை, பானையையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். அடுத்தது தாடிக்காரர். அவர் மடிப்பும் சாதாரணம்தான், அப்பா. "நான் ஒரு தாய்" என்று தாடிக்காரர் கனமான குரலில் வாசிக்கிறார், "என் இரண்டு பிள்ளைகளில் ஒருத்தியைத்தான் எனக்குப் பிடிக்கிறது." எங்கள் கோயிலாக இருந்தால் பின்வரிசை சிரித்திருக்கும். இங்கே ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. கேட்டோம். ஏசி ஒரே சுருதியில் முனகுகிறது. ஜன்னல்களுக்குக் கறுப்புத் துணி போட்டிருக்கிறார்கள், வெளியே வெயிலா மழையா என்றே தெரியவில்லை. சுவரில் படம் காட்டுகிறார்கள், வெறும் கடல், கரையே இல்லாத கடல், அலை மட்டும் வந்து வந்து போகிறது. சுனாமியைப் பார்த்த எனக்குக் கடலைக் காட்டி மனசை அமைதியாக்கச் சொன்னால் எப்படி.

கை காலெல்லாம் ஓடிப்போ என்கிறது. எழுந்து, பாத்ரூம் எங்கே என்று கேட்டு, அப்படியே படி இறங்கிவிடலாம். ஆனால் நான் போனால் என் முறைக்கு வேறு யாரோ கையை விடுவார்கள், எமி இங்கேயே இருப்பாள், சீட்டும் இங்கேயே இருக்கும். சீட்டு இருக்கிற இடத்தில்தான் நானும் இருக்க வேண்டும். என்ன புத்தி வந்து இங்கே வந்தேன்? நான் எங்கே வந்தேன், அவள்தான் கூட்டி வந்தாள். "இங்க பாருங்க, இன்னைக்குச் சாயங்காலம் ஒரு இடத்துக்குப் போவோம்" என்றாள் காலையில், இட்லித் தட்டைக் கழுவிக்கொண்டே. எங்கே என்றால், ஆராதனைதான் என்றாள். இருபது வருஷமாகக் கோயில் மாற்றாதவள். வாசலில் ஒரு கறும்பலகை, அதில் சாக்பீஸால் 'யாரும் வரலாம். நம்பிக்கை இருந்தாலும், இல்லாவிட்டாலும், இருந்து போய்விட்டாலும்.' சுற்றி வானவில் நிறத்தில் பூ வரைந்திருந்தார்கள். அந்த நிறங்களுக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும், பேப்பர் படிக்கிறவன்தானே. திரும்பிவிடலாமா என்று அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் செருப்பைக் கழற்றி, யாரையும் கேட்காமல், அலமாரியில் மூன்றாவது தட்டில் வைத்தாள். அப்போது அது ஒன்றும் தோன்றவில்லை. போன்களை வாங்கிப் பிரம்புக் கூடையில் போட்ட பெர்சிஸ், "எமிம்மா, உங்க இடம் இருக்கு" என்றாள். அதையும் நான் மரியாதை என்று எடுத்துக்கொண்டேன். உங்கள் இடம். முதல் தடவை வருகிறவளுக்கு எப்படி இடம் இருக்கும்? எமிம்மா என்று பெயர் எப்படித் தெரியும்? மாதத்தில் இரண்டாவது ஞாயிறு சாயங்காலம் பெண்கள் ஐக்கியக் கூட்டம் என்று போய்விட்டு ஏழு மணிக்கு வருவாள். நான் அந்த நேரத்தில் டிவி பார்த்துக்கொண்டிருப்பேன். இன்றைக்கு இரண்டாவது ஞாயிறு. இப்போது ஒவ்வொன்றாகத் தோன்றுகிறது, தோன்றி என்ன பிரயோஜனம். அப்படியென்றால் இவளுக்குச் சீட்டு வாசிக்கிற வழக்கமும் தெரியும். நான் எழுதி முடித்துக் குனிந்து, "எரிச்சிருவாங்கல்லா?" என்று காதில் கேட்டபோது, "பேசாம இருங்க" என்றாள். ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. தெரிந்துகொண்டே சொல்லவில்லை.

சோஃபியாவின் முறை. அவள் திருநங்கை, என்னைவிட உயரம், கை நிறையக் கண்ணாடி வளையல். சத்தியமாகச் சொல்கிறேன், என்னை எழுத வைத்தது அவள்தான். அரைமணி நேரத்துக்கு முன்னால் அப்பமும் திராட்சை ரசமும் கொடுத்தார்கள், கோயிலில் கொடுக்கிற வெள்ளை வட்டம் இல்லை, பேக்கரி பன், பெரிய பன்னாக ஒன்றைப் பிய்த்துப் பிய்த்து. அங்கி போட்டவர் யாரும் இல்லை, சோஃபியாதான் கொண்டு வந்தாள். அவள் என் முன்னால் குனிந்தபோது நான் கையை நீட்டவில்லை. மனசு வேண்டாம் என்றது, பழக்கம் வேண்டாம் என்றது. அவள் காத்துக்கொண்டே நின்றாள், வற்புறுத்தவும் இல்லை, நகரவும் இல்லை. பிறகு, "பரவால்லப்பா, மெதுவா" என்றாள். அப்பா என்றாள். ஆறு வருஷமாக அந்தச் சொல்லை என்னிடம் யாரும் சொல்லவில்லை. கையை நீட்டிவிட்டேன். பன்னை மென்றுகொண்டே நினைத்தேன், கிளாட்சனும் பெங்களூரில் இப்படி ஒரு கூடத்தில் உட்கார்ந்திருப்பானோ, அவனிடமும் யாராவது மெதுவா என்று சொல்லியிருப்பார்களோ என்று. அழுகை வந்தது, வெட்கமாக இருந்தது. பிறகு தாளும் பேனாவும் கொடுத்தார்கள். எழுதிவிட்டேன். இப்போது அந்தச் சோஃபியாவின் கை பானைக்குள் போகிறது, வளையல்கள் பானையின் கழுத்தில் இடித்துச் சத்தம் போடுகின்றன. அவள் துழாவுகிறாள். எதற்குத் துழாவுகிறாய், மேலே இருப்பதை எடேன். சாதாரண மடிப்பு. "எங்கப்பா சாகக் கிடக்கும்போது நான் ஆஸ்பத்திரிக்கு லேட்டா போனேன். மேட்ச் முடியட்டும்னு இருந்தேன்." கேட்டோம். நானும் சொல்கிறேன் இந்தத் தடவை. யாருடைய பாவமாக இருந்தாலும் பரவாயில்லை, என்னுடையது இல்லாதவரை எல்லாருக்கும் கேட்டோம் சொல்ல நான் தயார்.

மஞ்சள் துப்பட்டா போட்ட கல்லூரிப் பெண் எடுத்தது ஆங்கிலத்தில் இருக்கிறது, வேகமாக வாசித்துவிட்டாள், ஏதோ சிநேகிதிக்குச் செய்த துரோகம். கேட்டோம். அவளுக்கு அடுத்தவர் நெற்றியில் மூன்று கோடு விபூதியோடு வந்திருக்கிறார், அவரை யாரும் ஏன் என்று கேட்கவில்லை. அவர் கண்ணாடியைத் துடைத்து, தாளைத் தள்ளிப் பிடித்து, "எனக்குச் சாமி நம்பிக்கை போய் ரொம்ப நாளாச்சு. சேர்ந்து பாட ஒரு இடம் வேணும்னு வரேன்" என்று வாசித்து, தன்னுடையதைத்தான் எடுத்துவிட்டோமோ என்கிற மாதிரி ஒரு தடவை திருப்பிப் பார்த்துக்கொள்கிறார். லேசாகச் சிரிப்பு. நான் சிரிக்கவில்லை, எண்ணிக்கொண்டிருக்கிறேன். ஒன்பது பேர், ஒன்பது சீட்டு. ஐந்து போயாயிற்று. பாக்கி நாலு பேர். தூங்கி வழிகிற தடித்த மனுஷர், எனக்கு வலது பக்கம் கண்ணாடி போட்ட நர்ஸ் பெண், நான், எமி. தடித்தவர் எடுக்கட்டும், நர்ஸ் எடுக்கட்டும், யார் எடுத்தாலும் எமியின் காதில் விழும். மடிப்பைப் பார்ப்பாள். என்னைத் திரும்பிப் பார்ப்பாள். அவள் பார்க்கிற அந்தப் பார்வை எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியவில்லை, முப்பத்து நாலு வருஷத்தில் அப்படி ஒரு பார்வைக்கு அவசியம் வரவில்லை. என்னைக் குளிக்கச் சொல்லி, மாத்திரை எடுத்து வைத்து, வேட்டிக்கு இஸ்திரி போட்டு, இரவில் ஜெபிக்கும்போது 'கிளாட்சனுடைய மனசை எங்கள் பக்கம் திருப்பும் ஆண்டவரே' என்று ஒவ்வொரு நாளும் சொல்லி, அதற்கு நான் ஆமென் சொல்லி. ஆமென் சொல்லும்போது பயமாக இருக்காதா என்று கேட்டால், முதல் வருஷம் இருந்தது. பிறகு பழகிவிட்டது. அவன் அவளுக்குப் போன் பண்ணுவானே என்றுதான் பயம். அவள் குளிக்கப் போன நேரம் அவளுடைய போனில் அவன் எண்ணைத் தடுத்து வைத்தேன். ஒவ்வொரு மாதமும் ஒன்றாம் தேதி எடுத்துப் பார்ப்பேன், தடுப்பு அப்படியே இருக்கிறதா என்று. இருக்கும். அன்றைக்கு நிம்மதியாகச் சாப்பிடுவேன். என்ன மனுஷன் நான்.

தடித்தவர் விரித்த தாளில் ஒன்றுமே இல்லை. வெறும் தாள். அவர் முன்னும் பின்னும் காட்டுகிறார். பெர்சிஸ் தலையசைக்கிறாள். அந்த வெறும் தாளுக்கும் கேட்டோம் என்கிறார்கள். வெறும் தாளா! அப்படிப் போடலாமா? யார் அந்தப் புத்திசாலி? நானும் அப்படிப் போட்டிருக்கலாமே, ஒரு மடையனும் என்னைக் கேட்டிருக்கமாட்டானே. நர்ஸ் பெண்ணின் கை உள்ளே போகிறது. மூன்று சீட்டு. கர்த்தாவே, வேண்டாம். கர்த்தாவை இதற்குக் கூப்பிடுவதா என்று ஒரு பக்கம் தோன்றுகிறது, கூப்பிடாமலும் இருக்க முடியவில்லை. அவள் விரல் வெளியே வருகிறது. பொட்டலம் இல்லை. பொட்டலம் இல்லை! நாலாக மடித்த சாதாரணத் தாள். அவள் என்ன வாசித்தாள் என்று என் காதில் ஏறவில்லை. என் சீட்டு இன்னும் பானைக்குள்தான் இருக்கிறது, பானை என் மடிக்கு வருகிறது, உள்ளே இரண்டே சீட்டு, முதலில் எடுக்கப்போவது நான். தடவிப் பார்த்தாலே என் மடிப்பு தெரிந்துவிடும். எடுப்பேன். திரும்பப் போடமாட்டேன், விதியாவது ஒன்றாவது. பிரித்து வைத்துக்கொண்டு வாயில் வந்ததை வாசிப்பேன். 'நான் பொறாமைக்காரன்.' கேட்டோம். பிறகு தாளை நானே மெழுகுவர்த்தியில் காட்டுவேன். எமி மற்றதை வாசிப்பாள், வீட்டுக்குப் போகும் வழியில் காபி குடிப்போம். மண்பானை குளிர்ந்திருக்கிறது, மடியில் கனக்கிறது. கையை விடுகிறேன். முதலில் விரலில் பட்டதே அதுதான், மூன்று மடிப்பு, செருகின ஓரம், என் கையே எனக்குக் கை கொடுத்த மாதிரி. இறுக்கிப் பிடித்து வெளியே எடுத்தேன். உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. ஓரத்தை நெம்பி, பிரித்து, முகத்துக்கு நேரே பிடித்து, பொறாமை என்று சொல்ல வாயைத் திறந்தேன். என் எழுத்து இல்லை. உருண்டை உருண்டையான எழுத்து. சாமான் வாங்குகிற சீட்டில், பைபிளின் முதல் பக்கத்தில், என் மாத்திரைப் பெட்டியின் மேல், தினமும் பார்க்கிற எழுத்து. கல்யாணமான புதிதில் மருத்துவ முகாம்களுக்கு ராத்திரியும் பகலுமாகப் பொட்டலம் மடித்தோமே, இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து, ஆயிரம் ஆயிரமாக. நான்தான் சொல்லிக் கொடுத்தேன்.

அப்போதும் நான் பொய்யாக ஏதாவது வாசித்திருக்கலாம். ஆனால் எழுதியிருப்பதை வாசித்தே பழகின வாய், எந்த டாக்டர் எப்படிக் கிறுக்கினாலும் உரக்கப் படித்துச் சரிபார்த்தே பழகின வாய், அது பாட்டுக்கு வாசிக்கிறது. "என் கணவர் என் போனில் என் மகனுடைய எண்ணைத் தடுத்து வைத்திருக்கிறார்." என் குரல்தான். கூடத்தில் முழங்குகிறது. "நாலு வருஷத்துக்கு முன்னால் ரிப்பேர் கடையில் காட்டினார்கள். நான் தடுப்பை எடுக்கவில்லை. அவர் மாதாமாதம் பார்க்கிறார் என்று தெரியும், பார்த்துவிட்டு நிம்மதியாக இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்." பக்கத்தில் அவள் அசையவில்லை. "இந்தக் கூடத்தில் ஒரு பெண்ணின் போனில் மாதம் ஒரு தடவை மகனோடு பேசுகிறேன். அவன் யாரோடு இருக்கிறான் என்று சொன்னான். நல்லா இருங்க என்றேன். என் கணவர் பயந்துபோய்ச் செய்துவிட்டார். அவரை நான் மன்னித்துவிட்டேன்." மன்னித்துவிட்டேன். எழுத்து கலங்குகிறது. தெரியுமா? எல்லாம் தெரியுமா? தெரிந்துகொண்டா எனக்குத் தினமும் மாத்திரை எடுத்து வைத்தாள்? எமி, எமி என்று உள்ளுக்குள் ஓடுகிறது, விழுந்து அவள் காலைப் பிடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது, ஆறு வருஷத்துக்குப் பிறகு இப்போதுதான் மூச்சு முழுதாக உள்ளே போகிறது. இன்னும் சில வரி இருக்கிறது. வாசிக்கிறேன். "ஆனால் வா போ என்று என்னிடம் பேசின பிள்ளை, இப்போது நீங்க என்று பேசுகிறான். அம்மா என்று ஒரு தடவை கூடக் கூப்பிடவில்லை. ஏன்யா என்று கேட்டால், உங்களுக்கே தெரியும் என்கிறான், அதற்கு மேல் சொல்லமாட்டேன் என்கிறான். நான் அவனுக்கு என்ன செய்தேன் என்று எனக்குத் தெரியவில்லை. யோசித்து யோசித்துப் பார்த்துவிட்டேன். யாராவது எனக்குச் சொன்னால் போதும்."

கேட்டோம் என்றார்கள். எமியும் சொன்னாள், தன்னுடைய சீட்டுக்கே. பானை இன்னும் என் மடியில் இருக்கிறது. இதை இப்படியே பிடித்துக்கொண்டால் என்ன. நழுவ விட்டால் என்ன, உடைந்தால் சீட்டு உடையுமா. இப்போது சொல்லிவிடு என்கிறது மனசு, அவள் வாசிக்கும் முன்னால் நீ சொல்லிவிடு, அந்த ஒரு மரியாதையாவது உனக்கு மிஞ்சட்டும், வாயைத் திற. திறக்கிறேன். 'பொறாமை' என்கிற சொல்தான் நாக்கு நுனியில் நிற்கிறது, மூடிக்கொள்கிறேன். எமி கையை நீட்டிப் பானையைத் தன் பக்கம் எடுத்துக்கொண்டாள். துழாவ வேண்டிய அவசியம் இல்லை. எடுத்தாள். உள்ளங்கையில் வைத்து அந்த மடிப்பைப் பார்த்தாள், ரொம்ப நேரம் பார்த்தாள், செருகின ஓரத்தைக் கட்டைவிரலால் ஒரு தடவை தடவினாள். அப்போதே தெரிந்துவிட்டது அவளுக்கு, யாருடையது என்று. என்னைப் பார்க்கவில்லை. பிரித்தாள். பாடகர் குழுவில் பாடின குரல், தெளிவான குரல். "என் மகன் ஒரு ஆணோடு வாழ்வதாக என்னிடம் வந்து சொன்னான். இனி வீட்டுக்கு வராதே என்றேன்." நிறுத்தாமல் வாசிக்கிறாள். "நான் சொல்வதாகச் சொல்லவில்லை. உன் அம்மாதான்." நின்றுவிட்டது. சுவரில் அலை வந்து போகிறது, வந்து போகிறது. பெர்சிஸ் முழங்காலில் எழுந்து, "எமிம்மா, முடியலன்னா வேண்டாம். மடிச்சு வச்சிரலாம்" என்றாள். "இல்லம்மா" என்றாள் எமி. "எனக்கு வந்த சீட்டு. நான்தான் வாசிக்கணும்." மறுபடி முதல் வரியிலிருந்து ஆரம்பித்தாள். இந்தத் தடவை எங்கேயும் நிற்கவில்லை. அம்மா, முகத்தில் விழிக்க மாட்டேன், ஒன்றுமே தெரியாது, முந்திரிக்கொத்து, எல்லாவற்றையும் ஒரே குரலில் வாசித்து முடித்தாள். கேட்டோம் என்றாள் சோஃபியா முதலில், பிறகு மற்றவர்கள்.

பெர்சிஸ் தாம்பாளத்தை நகர்த்தினாள், எரிப்பதற்கு. ஒவ்வொருவராகத் தாளை மெழுகுவர்த்தியில் காட்டினார்கள். என் கையில் இருந்த எமியின் சீட்டை நர்ஸ் பெண் மெதுவாக உருவி எடுத்துக் கொண்டுபோனாள். எமி மட்டும் கொடுக்கவில்லை. தாளை நாலாக மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு, "பெர்சிஸ், உன் போனைக் கொஞ்சம் குடும்மா" என்றாள். கூடையிலிருந்து எடுத்து வந்து கொடுத்தாள். எமி எண்ணை மனப்பாடமாக அழுத்தினாள். பேசப்போகிறாள், நான் இல்லைய்யா, உங்கப்பாதான் என்று சொல்லப்போகிறாள், சொல்லட்டும், நான் எங்கே முகத்தை வைத்துக்கொள்வது. அவள் போனைக் காதில் வைக்கவில்லை. ஸ்பீக்கரைப் போட்டாள். முதல் தடவையாக என் பக்கம் திரும்பினாள். நான் பயந்த பார்வை இல்லை அது, கோபம்கூட இல்லை, மருந்துக் கவுண்டரில் வரிசையில் நின்று நின்று கடைசியாக ஜன்னலுக்கு வந்துவிட்டவர்கள் பார்ப்பார்களே, அப்படிப் பார்த்தாள். போனை என் உள்ளங்கையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மூடிவிட்டாள். மணி அடிக்கிறது. எட்டுப் பேரும் என் கையையே பார்க்கிறார்கள். மணி அடிக்கிறது. எடுக்காமல் இருக்கட்டும், ஆண்டவரே, அவன் எடுக்காமல் இருக்கட்டும். எடுத்துவிட்டான். பின்னால் ஏதோ குக்கர் சத்தம், யாரோ சிரிக்கிற சத்தம், அதற்குமேல் அவன் குரல், கொஞ்சம் கனத்துப்போய், அளவெடுத்த மரியாதையோடு.

"சொல்லுங்க" என்றான்.